இழுக்காதே, காட்டு

திருகோணமலையில் பிரெட்ரிக் கோட்டை வாசலைத் தாண்டிக் கோணேசர் கோயிலுக்கு ஏறுகிற வீதியில் மான்கள் நிற்கும். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் வாகனத்தை நிறுத்திப் படம் எடுப்பார்கள். எங்களுக்கு அவை ஊர்ச்சனம் மாதிரி. சில நாட்களில் டவுன் வரைக்கும் இறங்கி வந்து, மரக்கறிக் கடைகளுக்குப் பின்னால் கழித்துப்போட்ட கோவா இலைகளைத் தின்றுகொண்டு நிற்கும்.

எனக்கு ஆறு வயது இருக்கும். ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் அப்பா என்னைக் கோயிலுக்குக் கூட்டிப்போனார். வீதியோரத்தில் ஒரு குட்டி மான். ஓடிப்போய் அதன் கழுத்தைக் கட்டிப்பிடித்து என் பக்கம் இழுத்தேன். அது ஒரே உதறலில் பாய்ந்துவிட்டது. நான் குப்புற விழுந்தேன். அப்பா என்னைத் தூக்கி, முழங்காலில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு, பக்கத்து மரத்தில் எட்டிய ஒரு குழையை முறித்துக் கையில் தந்தார்.

"இழுக்காதே பிள்ளை. காட்டு. அது வரும்."

குழையை நீட்டியபடி நின்றேன். கை உளையத் தொடங்கியது. மான்குட்டி பார்த்தது, மற்றப் பக்கம் திரும்பியது, திரும்பவும் பார்த்தது. ஒரு அடி வைத்துவிட்டு நின்றது. எவ்வளவு நேரம் போனதோ தெரியாது, கடைசியில் வந்தது. இலையைக் கவ்வும்போது அதன் நாக்கு என் உள்ளங்கையில் பட்டது. அரம் மாதிரிச் சொரசொரப்பு, ஆனால் நல்ல சூடு.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நான் கிறிஸ்தவ விசுவாசி. என் வாழ்க்கையின் பெரும்பகுதியில் என்னை விடாமல் துரத்திய கேள்வி ஒன்றுதான்: மனிதன் இரட்சிப்பை, கடவுள் தருகிற மீட்பை, ஏற்றுக்கொள்கிறான் என்கிறோமே, அந்த ஏற்றுக்கொள்ளுதல் யாருடைய செயல்? அவனுடையதா, கடவுளுடையதா? அவனுடையது என்றால் கிருபை எதற்கு? கடவுளுடையது என்றால் ஏற்காதவன் மேல் குற்றம் எப்படி வரும்?

அப்பா சைவம். அம்மா பரம்பரை மெதடிஸ்த திருச்சபை. எழுபதுகளின் தொடக்கத்தில் இரண்டு வீட்டுக்கும் மனமில்லாமல் நடந்த கலியாணம். வீட்டுக்குள் ஒரு ஒழுங்கு இருந்தது: வெள்ளி கோயில், ஞாயிறு சேர்ச். பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்க அப்பா மறுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை எங்களை ஆலய வாசலில் விட்டுவிட்டு, வெளியே வேப்பமரத்தின் கீழே வீரகேசரியை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஆராதனை முடியும்வரை அங்கேதான். மழை நாளில் மட்டும் விறாந்தையில் ஏறி நிற்பார். நான் பாடும்போது யன்னல் வழியாக அவருடைய தலை தெரியும்.

பதினைந்து வயதில் நான் கையை உயர்த்தினேன். தொண்ணூறுகளின் தொடக்கம். வெளியிலிருந்து வந்த ஒரு பிரசங்கியார் மூன்று நாள் எழுப்புதல் கூட்டம் நடத்தினார். யுத்த காலம், ஊர் நிலைமை அப்படி இருந்ததால் கூட்டம் பின்னேரமே தொடங்கிவிடும். இருட்டுவதற்கு முன் எல்லாரும் வீடு சேர வேண்டும். கடைசி நாள் அவர் கேட்டார்: "இன்று இரவு நீ செத்தால் எங்கே போவாய்?"

அந்தக் கேள்வியைச் சமாதானமான ஊரில் கேட்பது வேறு. எங்கள் வகுப்பில் அந்த வருடம் இரண்டு கதிரைகள் காலியாக இருந்தன. இன்று இரவு சாகலாம் என்பது எங்களுக்கு நாளாந்தச் செய்தி. கண்ணை மூடச் சொன்னார். யாரும் யாரையும் பார்க்க வேண்டாம் என்றார். பக்கத்தில் இருந்த என் சிநேகிதியின் காப்புகள் கிலுங்குகிற சத்தம் கேட்டது. அவள் கையைத் தூக்கிவிட்டாள் என்று விளங்கியது. நானும் தூக்கினேன். அப்புறம் ஒரு தீர்மான அட்டை தந்தார்கள். பெயர், விலாசம், திகதி, கையெழுத்து. "இன்று நான் இயேசுவை என் சொந்த இரட்சகராக ஏற்றுக்கொண்டேன்." அந்த அட்டை இப்போதும் என் பைபிளில் இருக்கிறது. மஞ்சளாகிவிட்டது.

தூக்கியது பயமா, சிநேகிதியின் காப்புச் சத்தமா, உண்மையான விருப்பமா? அன்று அழுதேன், அது உண்மை. வீட்டுக்கு வரும்போது நெஞ்சு லேசாக இருந்ததும் உண்மை. ஆனால் நான் தெரிவு செய்தேனா என்று யாராவது நெருக்கிக் கேட்டிருந்தால் என்னால் நேராகப் பதில் சொல்லியிருக்க முடியாது.

அந்தச் சந்தேகத்தை மூடிக்கொள்ளத்தானோ என்னவோ, அப்பாவைத் துரத்தத் தொடங்கினேன். பத்து வருடம் துரத்தினேன். சட்டைப் பையில் கைப்பிரதிகளை வைத்தேன். உபவாசம் இருந்தேன். ஒரு தடவை சாப்பாட்டுக் கோப்பைக்கு முன்னால், "நீங்கள் நரகத்துக்குத்தான் போவீங்கள், அப்பா" என்று அழுதுகொண்டு சொன்னேன். அம்மா அதட்டினாள். அப்பா கையைக் கழுவிவிட்டு வந்து என் பக்கத்தில் இருந்தார்.

"அவனருளாலே அவன்தாள் வணங்கி எண்டு மணிவாசகர் பாடியிருக்கிறார், பிள்ளை. கும்பிடக் கை எழும்புறதும் அவன் தந்தால்தான். நீ என்னை எழும்பு எழும்பு எண்டு சொல்லுறாய். நான் என்ன செய்ய?"

அவர் தட்டிக்கழிக்கச் சொல்லவில்லை. சிவபுராணம் அவருக்குத் தினம் காலையில் வாய்ப்பாடு. அந்த அடியை அவர் எத்தனை ஆயிரம் தடவை சொல்லியிருப்பார்! சைவ சித்தாந்தத்தில் இதற்கு ஒரு முழு விளக்கமே உண்டு. உயிர் பக்குவப்படும்போது அருள் பதியும், அதைச் சத்திநிபாதம் என்பார்கள். வைணவர்கள் இதே விசயத்தைக் குரங்கையும் பூனையையும் வைத்துப் பேசினார்கள். குரங்குக்குட்டி தாயைத் தானே பற்றிக்கொள்ள வேண்டும். பூனைக்குட்டியைத் தாயே கவ்விக்கொண்டு போகும். வடகலைக்கும் தென்கலைக்கும் இடையில் இருந்த பெரிய வேறுபாடுகளில் இது ஒன்று. எனக்கு அதெல்லாம் அப்போது தெரியாது. பதில் தேடி என் பைபிளைத்தான் புரட்டினேன். அப்பா சொன்னதுதான் அங்கேயும் இருந்தது. "தேவனே தம்முடைய தயவுள்ள சித்தத்தின்படி விருப்பத்தையும் செய்கையையும் உங்களில் உண்டாக்குகிறவராயிருக்கிறார்" என்கிறார் பவுல், பிலிப்பியருக்கு எழுதுகையில். விருப்பத்தையுமா? விரும்புவதும் அவர் தந்தால்தானா? அதற்கு முந்தின வரியில் அதே பவுல், உங்கள் இரட்சிப்பு நிறைவேறப் பிரயாசப்படுங்கள் என்கிறார். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். விளக்கவில்லை.

எங்கள் பழைய பைபிளில் இன்னொரு இடம். யோவான் 15ஆம் அதிகாரம்: "நீங்கள் என்னைத் தெரிந்துகொள்ளவில்லை, நான் உங்களைத் தெரிந்துகொண்டேன்." சின்ன வயதில் இதை நான் அறிதல் என்றே விளங்கிக்கொண்டேன். உங்களுக்கு என்னைத் தெரியாது, எனக்கு உங்களைத் தெரியும். வளர்ந்த பிறகுதான் ஒருவர் சொன்னார், பழைய தமிழில் தெரிதல் என்றால் தெரிவு செய்வது என்று. குறளில் தெரிந்துதெளிதல் என்று ஓர் அதிகாரமே இருக்கிறதே. கத்தோலிக்கரும் பயன்படுத்துகிற புதிய மொழிபெயர்ப்பில் 'தேர்ந்துகொண்டேன்' என்று திருத்தமாக வந்துவிட்டது. சரிதான். ஆனாலும் அந்தப் பழைய சொல்லை நான் விடமாட்டேன். ஒருவரை அறிவதும் ஒருவரைத் தெரிவு செய்வதும் ஒரே சொல்லுக்குள் இருந்தது என்பது எனக்குப் பெரிய விசயம். சந்தையில் கத்தரிக்காய் தெரிகிற மாதிரி யாரும் கடவுளைத் தெரிவதில்லை. ஒருவரை அறிய அறிய, எந்த இடத்தில் அவரை நம் ஆளாக்கிக்கொண்டோம் என்று பிறகு சொல்லத் தெரியாமல் போகிறது.

டச் பே, அதாவது ஒல்லாந்தர் குடா, கடற்கரையில் பின்னேரம் நடக்கிறவர்கள் அந்தப் பெயரை நினைப்பதில்லை. எனக்கு மட்டும் அது நினைவு வரும். ஏனென்றால் என்னைத் துரத்திய அதே கேள்விக்காக ஒல்லாந்தில் ஒரு தலை உருண்டிருக்கிறது. யாக்கோபு ஆர்மீனியஸ் என்ற இறையியல் பேராசிரியர் 1609இல் இறந்தார். கடவுள் முன்கூட்டியே சிலரைத் தெரிந்து மற்றவர்களை விட்டுவிட்டார் என்பதை அவரால் ஏற்க முடியவில்லை. அடுத்த வருடம் அவர் வழி வந்தவர்கள் ஐந்து அம்சங்களை எழுதிக் கொடுத்தார்கள். விசுவாசிப்பவனைக் கடவுள் தெரிந்துகொள்கிறார், கிருபையை மனிதன் எதிர்த்து நிற்கவும் முடியும் என்பது அவற்றில் முக்கியமானது. 1618, 1619இல் டோர்ட்ரெக்ட் நகரில் கூடிய சபைப் பேரவை அதை மறுத்தது. தெரிவு முழுக்கக் கடவுளுடையது, எந்த நிபந்தனையும் இல்லாதது. அவர் தெரிந்தவனிடத்தில் கிருபை தோற்காது என்று தீர்த்தது. ஆர்மீனியஸ் பக்கத்தாருக்கு அரணாக நின்ற அரசியல் தலைவர் ஓல்டன்பார்னவெல்ட் 1619 மே மாதம் தலை வெட்டப்பட்டார். அரசியல் பகையும் அதில் கலந்திருந்தது. ஆனால் இதைக் கேளுங்கள்: 1602இல் ஒல்லாந்த கிழக்கிந்தியக் கம்பனி உருவாக முன்நின்றவர் அதே மனிதர்தான். அந்தக் கம்பனியின் கப்பல்கள் 1639இல் எங்கள் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்தன. கப்பலில் வந்த போதகர்கள் டோர்ட் தீர்மானத்தை ஏற்ற சபையைச் சேர்ந்தவர்கள்.

மனம் நோகிறது எங்கே என்றால், இதற்குப் பிறகு நடந்ததில். தெரிவு முழுக்கக் கடவுளுடையது, மனிதனால் அதில் ஒன்றும் ஆகாது என்று நம்பிய அந்தச் சபைதான், இலங்கையில் ஞானஸ்நானம் பெறாதவனுக்கு அரசாங்கப் பதவி இல்லை என்ற ஆட்சியோடு கைகோத்து நின்றது. கலியாணப் பதிவு, பிள்ளைப் பதிவு எல்லாம் அவர்களுடைய பள்ளிக்கூடத்துத் தோம்பு என்ற பதிவேடு வழியாகத்தான். சனம் பெயரைக் கொடுத்தது. வீட்டுக்கு வந்து விளக்கேற்றியது. ஆங்கிலேயர் வந்து அந்தக் கட்டுப்பாடு தளர்ந்ததும், கூட்டம் கூட்டமாகத் தங்கள் தங்கள் கோயிலுக்கே போய்விட்டார்கள். தோம்பில் இருந்த பெயர்கள் மட்டும் மிஞ்சின. இதற்கும் முன்னே, 1620களில், கோணேசர் கோயிலை இடித்து அதன் கல்லில் கோட்டை கட்டினார்கள் போர்த்துக்கேயர். அந்தக் கல்லைத் தாண்டித்தான் அப்பா என்னை வெள்ளிக்கிழமை கூட்டிப்போனார். அவருக்கு இது எல்லாம் தெரியும். ஒருநாளும் என்னிடம் அதைச் சொல்லிக் குத்தியதில்லை.

இதெல்லாம் பழைய கதை என்று விட முடியாது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நிலாவெளி, மூதூர், கிண்ணியா எல்லாம் சிதைந்து கிடந்தபோது, நான் ஒரு முகாமில் நிவாரண வேலைக்கு நின்றேன். வெளியிலிருந்து ஒரு கிறிஸ்தவக் குழு உலருணவோடு வந்தது. கொடுத்து முடிந்ததும், எல்லாரையும் நிறுத்தி, தாங்கள் சொல்வதைத் திருப்பிச் சொல்லச் சொன்னார்கள். "இயேசுவே, நான் பாவி. உம்மை என் இரட்சகராக ஏற்றுக்கொள்கிறேன்." எனக்கு முன்னால் ஒரு பெண். இடுப்பில் கைக்குழந்தை. அவள் ஒவ்வொரு சொல்லையும் சரியாகத் திருப்பிச் சொன்னாள். கண் மட்டும் காலடியில் இருந்த அரிசிப் பையில் இருந்தது. குழந்தை சிணுங்கும்போது அவள் நிறுத்தினாள், விட்ட சொல்லைத் திரும்பப் பிடித்தாள். பிழைவிட்டால் பை போய்விடுமோ என்ற பயம் அந்தக் குரலில் இருந்தது. என் வயிறு எரிந்தது. என் தெய்வத்தின் பெயர் அது. என் உயிருக்கு உயிரான பெயர். அதை அவளுடைய பசியின் மேல் வைத்து அழுத்தினார்கள். அன்று இரவு கிறிஸ்தவளாக இருப்பதற்கு வெட்கப்படவில்லை. ஆனால் என் தீர்மான அட்டையை எடுத்து நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பாவின் சட்டைப் பையில் நான் வைத்த கைப்பிரதிகளும் நினைவு வந்தன. அதற்குப் பிறகு வைக்கவில்லை.

அம்மாவின் அறையில் ஒரு கலண்டர் படம் தொங்கியது. பழைய கலண்டர், திகதி முடிந்தும் கழற்றவில்லை. இயேசு ஒரு கதவைத் தட்டிக்கொண்டு நிற்பார். ஹோல்மன் ஹன்ட் என்ற ஆங்கிலேயர் 1850களில் வரைந்த ஓவியத்திலிருந்து பெருகிய படங்களில் ஒன்று. அந்தக் கதவுக்கு வெளியே கைப்பிடி இல்லை, உள்ளே இருப்பவன்தான் திறக்க வேண்டும் என்று பிரசங்கங்களில் சொல்வார்கள். நல்ல விளக்கம்தான். பைபிளின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தலில் "இதோ, வாசற்படியிலே நின்று தட்டுகிறேன்" என்ற அந்த வரி லவோதிக்கேயா சபைக்கு, ஏற்கெனவே விசுவாசிகளான ஆட்களுக்கு எழுதியது என்பதை அந்தப் பிரசங்கங்கள் சொல்வதில்லை, அது வேறு. என்னைப் பிடித்த கேள்வி இன்னொன்று. தட்டுகிற சத்தம் கேட்டால்தானே எழும்பிப் போவேன்? கேட்கிற காதை யார் தந்தது?

1814இல் இலங்கைக்கு வந்த மெதடிஸ்த மிசனரிகளின் ஆசான் ஜான் வெஸ்லி இதற்கு ஒரு பதில் சொன்னார். முந்திவரும் கிருபை. மனிதன் தன் பாட்டில் கடவுளிடம் திரும்பச் சக்தியற்றவன், அதில் வெஸ்லி, தெரிவு முழுக்கக் கடவுளுடையது என்று போதித்த கல்வினோடு ஒத்துப்போகிறார். ஆனால் எல்லா மனிதரிடத்திலும் கடவுள் ஏற்கெனவே வந்து, ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லும் அளவுக்கு அவனை நிமிர்த்தி வைத்திருக்கிறார் என்கிறார். இதற்காகத் தன் ஆருயிர் நண்பர் ஜார்ஜ் வைட்ஃபீல்டோடு அவர் பிரிந்தார், பிறகு இருவரும் மனம் கூடினார்கள். 1770இல் வைட்ஃபீல்ட் இறந்தபோது இரங்கல் பிரசங்கம் செய்தவர் வெஸ்லிதான். பாலையூற்று லூர்து அன்னைக்கு மெழுகுதிரி நேர்கிற எங்கள் பக்கத்து வீட்டு மாமி இதையெல்லாம் படித்தவரில்லை. அவருடைய கத்தோலிக்க சபையோ 1547இல் திரெந்து நகரில் கூடிய ஆயர்களின் சங்கத்திலேயே, கிருபை முதலில் தொடுகிறது, மனிதன் அதற்கு இணங்கவும் முடியும், தள்ளவும் முடியும் என்று வகுத்துவிட்டது. நானும் மாமியும் நினைத்ததைவிட நெருக்கம்.

ஆனால் என் முடிச்சை அவிழ்த்தவர் பழைய காலத்து ஆயர் அகுஸ்தீன். யாருக்கு இரட்சிப்பு என்று கடவுளே முன்கூட்டித் தீர்மானிக்கிறார் என்கிற முன்குறித்தலைப் பற்றி அவரைப் போல் கடுமையாக எழுதியவர் குறைவு. மனிதன் தன் முயற்சியாலேயே நல்லவனாகலாம் என்று போதித்த பெலாகியுஸோடு வருடக்கணக்காக மல்லுக்கட்டியவர். அவர் யோவான் நற்செய்திக்குச் செய்த பிரசங்கங்களில் ஒன்றைத் தற்செயலாக வாசித்தேன். "பிதா ஒருவனை இழுத்துக்கொள்ளாவிட்டால் அவன் என்னிடத்தில் வரமாட்டான்" என்ற வசனத்தை எடுத்துக்கொண்டு, இழுக்கப்படுகிறவன் எப்படி விருப்பத்தோடு வர முடியும் என்று அவரே கேட்கிறார். பதிலுக்கு ஓர் ஆட்டைக் காட்டுகிறார். ஆட்டுக்கு ஒரு பச்சைக் குழையைக் காட்டு, அதை இழுத்துவிட்டாய். பிள்ளைக்குப் பருப்புக் கொட்டையைக் காட்டு, அவன் ஓடி வருவான். கயிறு இல்லை, அவன் எதை விரும்புகிறானோ அதுவே அவனை இழுக்கிறது.

புத்தகத்தை மடியில் வைத்துவிட்டு அப்படியே இருந்தேன். கோட்டைச் சரிவில் என் கையில் குழையைத் தந்த அப்பாவின் குரல் கேட்டது. ஆயிரத்து அறுநூறு வருடத்துக்கு முன்னால் ஆபிரிக்காவின் வடகரையில் ஓர் ஆயர் சொன்னதை, அவரைப் பெயரளவில்கூட அறியாத என் சைவ அப்பா எனக்கு ஆறு வயதில் செய்து காட்டியிருந்தார்.

இதில் ஒரு நெருடலும் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. இதே அகுஸ்தீன் பிற்காலத்தில், பிரிந்துபோன தொனாத்தியர் என்ற கிறிஸ்தவப் பிரிவினரைச் சபைக்குள் கொண்டுவர அரசின் பலத்தைப் பயன்படுத்துவதை ஆதரித்தார். விருந்து உவமையில் எசமான், ஆட்களை உள்ளே வரும்படி கட்டாயப்படுத்து என்று சொன்னதைச் சான்றாகக் காட்டினார். குழையைக் கையில் வைத்திருந்தவரே கயிற்றையும் எடுத்தார். எங்கள் பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் அந்த இடத்தில் 'வருந்திக் கூட்டிக்கொண்டுவா' என்று இருக்கிறது. எனக்கு இந்தச் சொல் மேல் தனிப் பிரியம். கலியாண வீட்டுக்கு வர மாட்டேன் என்று கோபித்துக்கொண்டிருக்கிற சித்தப்பாவை வருந்திக் கூப்பிடுவோமே, அந்த வருந்துதல். கூப்பிடுகிறவன் கெஞ்ச வேண்டும், நோக வேண்டும். கூப்பிடப்படுகிறவனின் கால் அவனுடையதாகவே இருக்கும்.

'இழுத்துக்கொள்ளுதல்' என்ற சொல்லைப் பார்த்ததும் எனக்கு வேறொன்றும் நினைவு வரும். யோவான் 21இல் பேதுரு 153 பெரிய மீன்கள் நிறைந்த வலையைக் கரைக்கு இழுக்கிறார். கிரேக்க மூலத்தில் அங்கேயும் அதே வினைச்சொல். உப்புவெளிப் பக்கம் கரைவலை இழுப்பதை விடியற்காலையில் பார்த்திருக்கிறேன். இரண்டு கயிறு, இரண்டு வரிசை ஆட்கள். குதி மணலில் புதைய, உடம்பு முழுவதும் பின்னால் சாய, அம்பா பாடிக்கொண்டு இழுப்பார்கள். ஒருவன் ஒரு அடி பாட, மற்றவர்கள் ஏலேலோ போட, பாட்டின் தாளத்தில்தான் கயிறு நகரும். மடி கரைக்கு வர மணிக்கணக்காகும். மீனுக்கு அங்கே தெரிவு இல்லை, அது எனக்குத் தெரியும். சிலர் அந்தப் பக்கத்திலிருந்துதான் இந்த வசனத்தை வாசிக்கிறார்கள். நான் பார்த்தது இழுக்கிறவர்களின் கைகளை. உப்புத் தண்ணீரில் ஊறி, கயிறு அறுத்து, வெடித்த கைகள். சிலுவையைப் பற்றிச் சொல்லும்போது இயேசு, நான் உயர்த்தப்பட்டிருக்கும்போது எல்லாரையும் என்னிடத்தில் இழுத்துக்கொள்ளுவேன் என்றாரே, அங்கேயும் அதே சொல்தான். இழுக்கிறவருடைய கைதான் அங்கே கிழிந்திருக்கிறது.

என் பதினைந்து வயதுக் கையைப் பற்றி இப்போது என்ன நினைக்கிறேன்? பயமும் காப்புச் சத்தமும் இருந்தன. அவற்றுக்குள்ளும் யாரோ ஒரு குழையை நீட்டிக்கொண்டு நின்றார் என்று நம்புகிறேன். அந்தக் கூட்டத்துக்குப் பிறகு எத்தனை விடியற்காலைகளில், யாரும் பயமுறுத்தாமல், யாரும் பார்க்காமல், நானாக எழுந்து அந்த முகத்தைத் தேடியிருக்கிறேன்! அந்த எழும்புதலில் எது என்னுடையது, எது அவருடையது என்று பிரித்தெடுக்க எனக்கு இனித் தேவையில்லை. மான்குட்டி தன் காலால்தான் வந்தது. குழை இல்லாவிட்டால் வந்திருக்காது. இரண்டும் முழு உண்மை, பாதி பாதி உண்மை இல்லை.

வராமல் போவதும் நடக்கும். மாற்கு 10இல் ஒரு பணக்காரன் இயேசுவிடம் ஓடி வந்து முழங்காற்படியிட்டு, நித்தியஜீவனுக்கு வழி கேட்கிறான். இயேசு அவனைப் பார்த்து, அவனிடத்தில் அன்புகூர்ந்தார் என்று எழுதியிருக்கிறது. பிறகு, உனக்குள்ளதையெல்லாம் விற்றுத் தரித்திரருக்குக் கொடு, என்னைப் பின்பற்றி வா என்கிறார். அவன் துக்கத்தோடு போய்விடுகிறான். இயேசு பின்னால் ஓடவில்லை. விலையைக் குறைக்கவில்லை. அன்புகூர்ந்து பார்த்த அதே ஆளைப் போகவிட்டார். மனிதனின் தெரிவைக் கடவுள் எவ்வளவு மதிக்கிறார் என்பதற்கு இதைவிட நோகிற சாட்சி எனக்குத் தெரியாது. அப்பாவை நான் துரத்திய பத்து வருடத்தில் இந்தப் பகுதியை எத்தனையோ தடவை வாசித்திருக்கிறேன். ஒரு தடவைகூட அது என்னைப் பார்த்துப் பேசுகிறது என்று தோன்றவில்லை.

2017இல் அப்பாவுக்கு இருதயம் பலவீனமாகி, வீட்டு விறாந்தையில் கட்டிலைப் போட்டோம். ஒரு இளம் போதகர் அன்போடு வந்து ஜெபித்தார். முடிவில் குனிந்து, "ஐயா, ஆண்டவரை ஏற்றுக்கொள்ளுறீங்களா?" என்று மெல்லக் கேட்டார். அப்பா அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார்: "தம்பி, நல்ல வெயிலுக்குள்ள வந்தனீங்கள். தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ." போதகர் என்னைப் பார்த்தார். நான் குசினிக்குப் போய்க் கேத்தலை வைத்தேன். முன்பென்றால் என் நெஞ்சு வெடித்திருக்கும். அன்று தேயிலை கொதிக்கும் வரை, இழுக்காதே, இழுக்காதே என்று எனக்கே சொல்லிக்கொண்டு நின்றேன்.

அப்பா கண்மூடுவதற்கு நாலைந்து நாட்களுக்கு முன்னால் ஒரு இரவு. கரண்ட் இல்லை. லாம்பு வெளிச்சத்தில் நான் எனக்காக வாசித்துக்கொண்டிருந்தேன். அப்பா, சத்தமாக வாசிக்கச் சொன்னார். லூக்கா 15 திறந்திருந்தது. காணாமல் போன ஆட்டிலிருந்து தொடங்கினேன். மேய்ப்பன் தேடிப்போய்க் கண்டுபிடித்துத் தோளில் போட்டுக்கொண்டு வருகிறான்.

"ஆடு என்ன செய்தது?" என்றார்.

"ஒண்டும் செய்யேல்லை அப்பா. கத்தியிருக்கும்."

"கத்தினது எண்டு எழுதியிருக்கோ?"

திரும்பப் பார்த்தேன். "இல்லை."

அடுத்தது காணாமல் போன வெள்ளிக்காசு. அதற்கு அவர் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு இளைய மகன். தூரதேசம், பன்றி, பசி. அவன் தானாகவே எழுந்து புறப்படுகிறான். இன்னும் தூரத்தில் வரும்போதே தகப்பன் ஓடிப்போய்க் கட்டிக்கொள்கிறான். அப்பாவின் கண் மூடியிருந்தது. நித்திரையோ என்று நிறுத்தினேன். "வாசி" என்றார். மூத்த மகன் வயலிலிருந்து வருகிறான். வீட்டில் பாட்டும் ஆட்டமும் கேட்கிறது. அவன் உள்ளே போக மனதில்லாமல் வெளியே நிற்கிறான். "தகப்பனோ வெளியே வந்து, அவனை வருந்தியழைத்தான்." அந்தச் சொல்லில் என் குரல் உடைந்துவிட்டது. கடைசி வரைக்கும் வாசித்துப் புத்தகத்தை மூடினேன்.

வெகுநேரம் கழித்து அப்பா கேட்டார்.

"மூத்தவன் உள்ளுக்குப் போனானோ?"

"அது எழுதேல்லை, அப்பா."

"தகப்பன்?"

"தகப்பன் வெளியிலதான். அவனோட கதைச்சுக்கொண்டு நிக்கிறார். அதோட முடியுது."

"வெளியிலேயோ?"

"ஓம் அப்பா. வெளியில."

லாம்பு கொஞ்சம் புகைந்தது. திரியைக் குறைத்தேன். அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்து, "அப்ப சரி" என்றார்.